ஒரு பக்கம் மட்டும் சைனஸா? மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகக் கெட்டியாகச் சளி வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத அழுகல் வாடை நமக்கு மட்டும் மூக்குக்குள் அடிக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்வரை அடங்கி, நிறுத்திய சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், தூசி, ஏ.சி., தலைக்குக் குளித்தது என்று காரணம் தேடும் முன் அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப் பற்களைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வாமையும் சாதாரண ஜலதோஷமும் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். ஒரே பக்கம் மாதக்கணக்கில் அடம்பிடித்தால் அந்தப் பக்கத்திலேயே காரணம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பழைய பாடநூல்கள் மேக்ஸிலரி சைனஸ் அழற்சியில் 10 முதல் 12 சதவீதம்தான் பல்லால் வருவது என்று எழுதின. சி.டி. ஸ்கேன் பரவலான பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில், நாள்பட்ட மேக்ஸிலரி சைனஸ் அழற்சியில் இது 40 சதவீதம் வரை போகிறது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களைத் தனியாக எடுத்தால் இன்னும் கூடும். பல்லைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

மேக்ஸிலரி சைனஸ் என்பது கண்ணுக்குக் கீழே, மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை. பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும். அதன் கூரை கண்குழியின் தரை. அதன் தரை, மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் ஊன்றி நிற்கும் எலும்பு. அதில் ஊறும் சளி வெளியேற வேண்டிய துளையோ உட்சுவரில் உச்சிக்கு அருகே, சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. அடியில் குழாய் இல்லாமல் ஓவர்ஃப்ளோ குழாய் மட்டும் வைத்த தண்ணீர்த் தொட்டி போன்ற அமைப்பு. ஆனாலும் ஆரோக்கியமான சைனஸில் எதுவும் தேங்குவதில்லை. உட்சவ்வில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் ஒரே திசையில் அசைந்து, சளியைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தரையில் சீழ் கசியத் தொடங்கினால் சவ்வு வீங்கி, மயிர்களின் அசைவு குன்றி, மேலே உள்ள துளையும் அடைபடும். அதன் பிறகு சைனஸ் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வழியில்லை.

சைனஸ் தரைக்கு மிக அருகில் வருவது மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர், குறிப்பாகக் கன்னப்பக்கத்து முன்வேர். அடுத்தது முதல் கடைவாய்ப் பல். ஞானப்பல்லும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் பிறகு வரும். வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவே சிலருக்குச் சில மில்லிமீட்டர் எலும்பு இருக்கும். சிலருக்கு எலும்பே இல்லாமல் வெறும் சவ்வு மட்டும் இருக்கும். தூரத்தில் இரண்டாமிடம் என்றாலும் நடைமுறையில் அதிகம் சிக்குவது முதல் கடைவாய்ப் பல்தான். அது 6 வயதிலேயே முளைக்கிறது. பால்பல், விழுந்து முளைக்கும் என்று நினைத்துப் பெற்றோர் விட்டுவிடுவதால் சின்ன வயதிலேயே சொத்தையாகிறது. பல் மருத்துவரின் சீட்டில் 16, 17 என்று எழுதியிருந்தால் வலது மேல் முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்கள். 26, 27 என்றால் இடது.

வலிக்காத பல்

"எனக்குப் பல் வலியே இல்லையே" என்பதுதான் இந்த நோயைப் பல வருடம் ஒளித்து வைக்கும் வாக்கியம். நோயாளி மட்டுமல்ல, மருத்துவர்களும் இதில் ஏமாறுவார்கள். சைனஸைப் பாதிக்கும் அளவுக்கு முற்றிய பல்லில் உள்ளிருக்கும் நரம்புத்திசு ஏற்கெனவே செத்திருக்கும். ஆகவே குளிருக்குக் கூசாது, சூட்டுக்கு வலிக்காது. வேர் நுனியில் சீழ் கட்டினால் வலிக்க வேண்டுமே என்று கேட்கலாம். சீழ் வலிப்பது அழுத்தத்தால். கீழ்த்தாடைப் பல்லில் சீழுக்குப் போக்கிடம் இல்லாமல் கெட்டி எலும்புக்குள் அழுத்தம் ஏறும், முகம் வீங்கும். மேல் கடைவாய்ப் பல்லிலோ மெல்லிய எலும்பைத் துளைத்து சைனஸுக்குள் வடிந்துவிடும். அழுத்தம் ஏறாது, ஈறில் கொப்புளம் வராது, கன்னம் வீங்காது. வாயில் தெரிய வேண்டிய அறிகுறி அத்தனையும் மூக்குக்குப் போய்விடும்.

நாற்றத்துக்குக் காரணம் கிருமிகளின் இனம். ஜலதோஷத்தைத் தொடரும் சைனஸ் தொற்றில் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்றவை இருக்கும். பல்லிலிருந்து ஏறும் தொற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா, பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம் கலந்திருக்கும். இவை விடும் கந்தக வாயுக்கள்தான் அந்த அழுகல் வாடை. அசித்ரோமைசின் மாதிரி மாத்திரையை மருந்துக்கடையில் மூன்று நாளுக்கு வாங்கிப் போடுவது இங்கே சரிவராததற்கும் இதுவே ஒரு காரணம். மருத்துவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து, தேவைப்பட்டால் கூடவே மெட்ரோனிடசோல். அதுவும் கொதிப்பை அடக்கத்தான். செத்த பல்லின் வேர்க்குழாய்க்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எந்த வழியாக அங்கே போகும்? மூலம் அங்கேயே இருக்க, சைனஸில் வழிந்ததை மட்டும் துடைத்துக்கொண்டிருப்போம்.

எதிர்த்திசைக் குழப்பம்

இதற்கு நேர்மாறாக, நல்ல பல்லை சைனஸ் வலிக்க வைப்பதும் உண்டு. மேல் கடைவாய்ப் பற்களுக்கும் சைனஸ் சவ்வுக்கும் ஒரே நரம்புக் கிளைகள் உணர்வு தருகின்றன. அவை சைனஸ் சுவரை ஒட்டியே ஓடிப் பல்லுக்கு வருகின்றன. ஜலதோஷம் பிடித்த வாரத்தில் மேல் வரிசை முழுவதும் கனத்து வலித்தால், அவசரப்பட்டு ரூட் கெனாலுக்கு உட்காரக் கூடாது. சைனஸ் வலி ஒரு பல்லைச் சுட்டாது, அந்தப் பக்கத்தில் மூன்று நான்கு பற்கள் சேர்ந்து மந்தமாக வலிக்கும். குனிந்தால், மாடிப்படி இறங்கினால், குதிகாலைத் தூக்கித் தொப்பென்று வைத்தால் அதிகமாகும். பல் வலியோ ஒரு பல்லில் நிற்கும். முறுக்கைக் கடித்தால் சுரீரென்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டு எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

பல் மருத்துவர் இதைச் சோதிக்கும் வரிசையும் தெரிந்திருப்பது நல்லது. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவது, குளிர் ஸ்ப்ரே நனைத்த பஞ்சை வைப்பது, ஒவ்வொரு முகடாகக் கடிக்கச் சொல்லி விரிசல் தேடுவது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோல் விட்டு ஈறுப்பையின் ஆழம் பார்ப்பது. எதிர்ப்பக்கத்துப் பல்லையும் சேர்த்துச் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். கடைவாய்ப் பல்லில் ஒரு பொறியும் உண்டு. மூன்று வேரில் ஒன்றில் நரம்பு செத்து மற்ற இரண்டில் உயிர் இருந்தால், குளிர்ச் சோதனையில் பல் பதில் சொல்லும், ஆனால் செத்த வேர் சைனஸுக்குள் கசிந்துகொண்டிருக்கும். எந்தச் சோதனையிலும் காரணமான பல் என்று ஒன்று தனியாகத் தெரியாவிட்டால் பல்லில் கைவைக்காமல் மூக்கைப் பார்க்க அனுப்புவதுதான் முறை. மேல் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ரூட் கெனால் செய்தும் வலி நிற்கவில்லை என்றால், அடுத்த பல்லுக்குப் போகாமல் நிறுத்துங்கள்.

எந்தப் படம் எடுப்பது

பல் மருத்துவமனையில் உடனே எடுக்கும் சின்ன எக்ஸ்ரே இந்த விஷயத்தில் அரைகுறைச் சாட்சி. வேரின் மேல் கன்ன எலும்பின் நிழலும் சைனஸ் தரையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், வேர் நுனியில் இருக்கும் பாதிப்பு மறைந்துவிடும். முழுத்தாடை காட்டும் ஓ.பி.ஜி.யும் இதே காரணத்தால் ஏமாற்றும். படம் சுத்தமாக இருக்கிறது என்பதால் பல் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

தெளிவாகக் காட்டுவது சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாணப் பல் ஸ்கேன். இதில் கவனிக்க வேண்டியது படப் பரப்பு. இரண்டு மூன்று பல்லுக்கான சின்னப் பரப்பில் எடுத்தால் வேரும் சைனஸ் தரையும் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் மேலே உள்ள வடிகால் துளை படத்திலேயே இருக்காது. துளை திறந்திருக்கிறதா என்பதுதான் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு முதல் கேள்வி. ஆகவே ஸ்கேன் மையத்தில் சீட்டைக் கொடுக்கும்போதே, அந்தப் பக்கத்து சைனஸ் முழுவதும், மூக்கின் நடுப்பகுதியும் சேர்த்து வேண்டும் என்று மருத்துவரை எழுத வைப்பது நல்லது. மறுமுறை கதிர்வீச்சும் மறுமுறை செலவும் மிச்சம்.

ஏற்கெனவே சைனஸுக்கு சி.டி. எடுத்திருந்தால் அதையே தூக்கிக்கொண்டு பல் மருத்துவரிடம் போகலாம். ஃபிலிம் தாளைவிடப் படங்கள் பதிந்த கணினி வட்டு முக்கியம், அதில்தான் எல்லா வெட்டுகளும் இருக்கும். அறிக்கையில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் பல்லில் குறை இல்லை என்று அர்த்தமில்லை. சைனஸ் சி.டி. அறிக்கைகளில் பல் விடுபடுவது சர்வ சாதாரணம். குறிப்பிட்டுக் கேட்டால் பார்த்து எழுதுவார்கள். தேட வேண்டியவை மூன்று: வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம், அந்த இடத்தில் சைனஸ் தரை எலும்பு அறுபட்டிருப்பது, அதற்கு நேர் மேலே சவ்வு தடித்திருப்பது.

அறிக்கையில் "ரிடென்ஷன் சிஸ்ட்" என்று பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. சைனஸ் தரையில் குவிமாடம் போல வழவழப்பாக நிற்கும் இந்த நீர்ப்பை பெரும்பாலும் தற்செயலாகத் தெரிவது. தொந்தரவு இல்லையென்றால் வைத்தியமும் தேவையில்லை. ஆனால் அதற்கு நேர் கீழே வேர் நுனியில் கறுப்பு வட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு விட வேண்டும்.

"அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி கேப் போட்டாச்சே"

அப்படியானால் சந்தேகம் முதலில் அந்தப் பல்லின் மேல்தான். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, ஆனால் குழாய் பெரும்பாலானவர்களுக்கு நான்கு. கன்னப்பக்கத்து முன்வேருக்குள் இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாய் ஓடும். அந்தக் குழாயின் தொடக்கத் துளை மேல் மூடி போலப் பல்திசு படிந்திருப்பதால் வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மூன்றைச் சுத்தம் செய்து அடைத்து, நான்காவதை விட்டுவிட்டுக் கேப் மாட்டினால் பல்லில் வலி இருக்காது, விடுபட்ட குழாயில் கிருமி இருந்துகொண்டே சைனஸுக்குள் கசியும். வருடங்கள் கழித்து மூக்கு நாறும்போது யாருக்கும் அந்தக் கேப் நினைவுக்கு வராது. மறுபடி ரூட் கெனால் செய்யும்போது நுண்ணோக்கி வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் போவதில் அர்த்தம் உண்டு. பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி வேலை செய்கிறார்களா என்று கேட்பதும் தவறில்லை. எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்ததற்குப் பலனில்லை.

ரூட் கெனால் வேலையில் அளவு தாண்டுவதும் சைனஸுக்குப் பகை. குழாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் நுனி தாண்டி அழுத்திப் போனால் அந்த நொடியே மூக்கிலும் தொண்டையிலும் குளோரின் வாடையும் எரிச்சலும் வரும். உடனே நிறுத்தி நிறைய உப்பு நீரால் கழுவ வேண்டும். குழாயை அடைக்கும் பசை சைனஸுக்குள் தள்ளப்பட்டால் பிரச்சினை மெதுவாக வரும். துத்தநாக ஆக்சைடு கலந்த பசை உள்ளே கிடந்தால் அதைச் சுற்றி ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை உருண்டையாக வளர்வது அறியப்பட்ட விஷயம். சி.டி.யில் சாம்பல் நிற சைனஸுக்கு நடுவே உலோகம் போலப் பளிச்சென்ற புள்ளி தெரியும். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவரிடம் இந்த உருண்டைக்குப் பூஞ்சை மாத்திரை போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, எண்டோஸ்கோப் வழியாக எடுத்துவிடுவதுதான் வைத்தியம்.

பல் பிடுங்கிய குழி

மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது சில சமயம் சைனஸ் தரையும் கூடவே பெயர்ந்து வரும். வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டை விழும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருவது, கொப்பளிக்கும்போது குழியில் குமிழி விடுவது, கன்னத்தை உப்ப முடியாமல் காற்று மூக்குக்குப் போவது, குரல் மூக்கால் பேசுவது போல மாறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பிடுங்கியவரிடம் திரும்பிப் போக வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று நீங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்காதீர்கள். மெல்லிய சவ்வு மட்டும் காத்துக்கொண்டிருந்தால் அதையும் கிழித்துவிடும்.

2 மில்லிமீட்டருக்குள் இருந்தால், ரத்தக் கட்டி குலையாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் தானாக மூடும். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை கரையும் பஞ்சு வைத்து எட்டு வடிவத் தையல் போடுவார்கள். அதற்கு மேல் என்றால் கன்னப்பக்கத்து ஈறையோ அண்ணத்துச் சதையையோ, கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்புத் திண்டையோ இழுத்து மூட வேண்டும். கவனிக்காமல் விட்ட ஓட்டையின் சுவரில் சில நாட்களிலேயே தோல் படரத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் அது நிரந்தரக் குழாயாகிவிடும். அந்த நிலையில் உள்ளே சீழ் இருக்கும்போது வாய்ப்பக்கம் மட்டும் தைத்தால் தையல் நிற்காது, சைனஸை முதலில் சுத்தம் செய்தாக வேண்டும்.

மூடிய பிறகு இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா, சிகரெட், பீடி, வேகமாகக் காறித் துப்புவது எதுவும் ஆகாது. அடக்கித் தும்மும் ஒரு தும்மலே தையலைப் பிரிக்கப் போதும்.

ஒரு சின்ன வரலாறு: இந்த சைனஸை 1651-இல் விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் நெதேனியல் ஹைமோரிடம் வந்த பெண் ஒருவருக்குப் பிரச்சினையே பல் பிடுங்கிய குழிதான். தொடர்ந்து சீழ் வடிய, எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்தப் பெண்ணே இறகுத் தண்டை உள்ளே விட்டிருக்கிறார். அது போய்க்கொண்டே இருந்ததும் மூளைவரை எட்டிவிட்டதோ என்று பயந்துவிட்டார். உள்ளே அது சுருண்டிருந்தது.

யார் முதலில்

பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசாமல் இருப்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய தவறு. பல்லை விட்டுவிட்டு சைனஸ் அறுவை செய்தால் துளை பெரிதாகும், கசிவு நிற்காது, நோய் திரும்பும். பொதுவாக, நிலைமை மோசமில்லை என்றால் பல்லை முதலில் முடிப்பது நல்லது: ரூட் கெனால், மறு ரூட் கெனால், காப்பாற்ற முடியாவிட்டால் பிடுங்குவது. வேர்கள் பிரியும் இடம்வரை ஈறுப்பை ஆழமாகிப் பல் ஆடினால் பிடுங்குவதே மேல். பல் சிகிச்சையோடு மருந்தும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப் மூலம் வடிகால் துளையை அகலப்படுத்த வேண்டியிருக்கும். தொந்தரவு மிகவும் அதிகமாக இருந்தாலோ, துளை முழுதாக அடைத்திருந்தாலோ, உள்ளே வேர்த்துண்டோ பூஞ்சை உருண்டையோ இருந்தாலோ அறுவையை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். பல்லில் எந்தக் காரணமும் தெரியாத, ரத்தம் கலந்து வரும் ஒரு பக்க மூக்கடைப்பு என்றால் உள்ளே கட்டி இல்லை என்பதை எண்டோஸ்கோப் வைத்து உறுதி செய்தாக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது உப்பு நீர்க் கழுவல். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் 240 மில்லிக்கு அயோடின் சேர்க்காத உப்பு 2 கிராம் சொச்சம், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பிடுங்கிய குழி ஆறாத நாட்களில் இதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். மூக்கடைப்புச் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், பல்லுக்கு ஒன்றும் செய்யாது. கிராம்புத் தைலமும் அப்படித்தான்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு தலைவலி என்றால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கன்னம் மரத்துப்போவது, ஆரோக்கியமாக இருந்த மேல் பற்கள் திடீரென்று சேர்ந்து ஆடுவது, அண்ணத்தில் கறுப்பு தெரிவது கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். 2021 மே மாதம் தமிழக அரசு, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததே, அதே மியூகோர்மைகோசிஸ்தான். கொரோனா அலை ஓய்ந்துவிட்டது, ஆனால் கட்டுப்படாத சர்க்கரை இருக்கும்வரை இதற்கு இடம் உண்டு. இங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வேண்டுமென்பவர்களுக்கு: பல் போன இடத்தில் சைனஸ் நாளாக ஆக இறங்கி எலும்பைக் குறைத்துவிடும். சவ்வைத் தூக்கி எலும்புத் தூள் நிரப்பும் வேலை அதனால்தான் தேவைப்படுகிறது. சைனஸில் சீழ் இருக்கும்போது அதைச் செய்தால் நிரப்பிய தூள் முழுவதும் தொற்றுப் பிடிக்கும். முதலில் சைனஸ் ஆற வேண்டும். வாடை முதலில் போகும், சளி அடுத்து. ஸ்கேனில் சவ்வின் தடிப்பு இறங்கப் பல மாதம் ஆகும். அதனால் அடுத்த சி.பி.சி.டி.யை அவசரப்பட்டு எடுக்காமல் ஆறு மாதம் விட்டு எடுத்து, அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டிய பிறகு இம்ப்ளாண்ட் தேதி குறித்தால் போதும்.